வீட்டில் திரை, வேறெங்கோ கணினி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோனது. வீட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு நீட்டித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11க்கு ஏறிவிடலாம் என்றால் இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பினாங்கு வீடுகளில் மேசை ஓரத்தில் கிடக்கும் பழைய மடிக்கணினிகள் பலவும் இதில் தேறாது. திரை பளிச்சென்று இருக்கும், விசைகள் எல்லாம் வேலை செய்யும், ஆனால் "இதுக்கு மேல ஏறாதுங்க, புதுசு வாங்கிடுங்க" என்பார் கடைக்காரர். அந்தச் சில்லு நம் பாயான் லெப்பாசிலேயே பொருத்திச் சோதித்து வெளியே போனதாகக்கூட இருக்கலாம். இன்டெல் இங்கே 1972 முதல் இருக்கிறது. அதற்காகச் சலுகை ஒன்றும் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் வீட்டிலுள்ள இளசுகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். படம் கூகள் போட்டோசில், கடிதம் ஜிமெயிலில், பள்ளி வேலை கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில், வங்கி உலாவியில். எல்லாமே கிளவுட்டில் இருக்கும்போது கணினியையும் அங்கேயே வைத்துவிட்டால் என்ன?

வைக்கலாம். ஆனால் "கிளவுட் இயங்குதளம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாததற்குப் பணம் கட்டுவோம், அல்லது பயன்படக்கூடியதைக் கண்டு பயந்து ஒதுங்குவோம்.

முதல் வகையில் இயங்குதளம் உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. மிகச் சிறியது, பெரும்பாலும் ஓர் உலாவிதான். உங்கள் கோப்பு, அமைப்பு, கடவுச்சொல் எல்லாம் உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டு வெளியே எங்கோ இருக்கின்றன. கணினி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வையுங்கள். வேறொரு கணினியில் அதே கணக்கில் நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கூகளின் குரோம் ஓ.எஸ். இந்த வகை. 2009இல் அறிவித்தார்கள், 2011இல் சாம்சுங், ஏசர் நிறுவனங்களின் குரோம்புக்குகள் கடைக்கு வந்தன.

இரண்டாம் வகையில் உங்கள் கணினி கணினியே அல்ல. விண்டோஸோ லினக்ஸோ ஒரு தரவு மையத்தில் ஓடும். அங்கே ஓடும் திரையின் படம் வீடியோ போல உங்கள் வீட்டுக்கு வரும். நீங்கள் அழுத்தும் விசையும் நகர்த்தும் சுட்டியும் இங்கிருந்து அங்கே போகும். "க" என்று தட்டினால் அந்தத் தகவல் தரவு மையத்துக்குப் போய், அங்கே எழுத்து விழுந்து, விழுந்த திரையின் படம் திரும்பி வந்த பிறகுதான் உங்கள் கண்ணுக்கு "க" தெரியும். மைக்ரோசாப்டின் விண்டோஸ் 365 இதுதான். 2021 ஆகஸ்டில் நிறுவனங்களுக்காக வந்தது. 2025 ஜூலையில் இந்தியாவில் ஜியோ வெளியிட்ட ஜியோபிசியும் இதே வகைதான். செட்டாப் பெட்டியில் விசைப்பலகையும் சுட்டியும் செருகினால் தொலைக்காட்சியே கணினியாகிவிடுகிறது.

யோசனை புதிதல்ல. 2005இலேயே பார்சிலோனா பக்கத்து இளைஞர்கள் சிலர் ஐஓஎஸ் என்ற பெயரில் உலாவிக்குள்ளேயே முழு மேசைத்திரையைக் காட்டினார்கள் (ஆப்பிள் கைத்தொலைபேசியில் இருப்பது வேறு; உச்சரிப்புதான் ஒன்று). பிறகு அதை டெலிபோனிகா நிறுவனம் வாங்கிக்கொண்டது. வீடுகளுக்குள் அது நுழையவே இல்லை. அன்றைய இணையம் தாங்கவில்லை.

நம் ஊரில் அந்தக் கதை வேறு விதமாக நடந்தது. உலகில் பல நாடுகளுக்கு முன்பாகவே மலேசியா கிளவுட் கணினியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டது, அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து. 2011இல் கல்வி அமைச்சு ஒய்.டி.எல். கம்யூனிகேஷன்சோடு ஒன்பெஸ்தாரிநெட் ஒப்பந்தம் செய்தது. ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு 4ஜி இணையம், அதன்மேல் ஃபிராக் என்ற மெய்நிகர் கற்றல் தளம். 2013இல் கூகளும் சேர்ந்துகொண்டது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் என்று ஒரு கோடிப் பேருக்குக் கூகள் கணக்கு, தொடக்கப் பள்ளிக்கும் இடைநிலைப் பள்ளிக்கும் குரோம்புக் என்று அறிவிப்பு வந்தது. பினாங்கின் தமிழ்ப் பள்ளிகளும் இதில் அடக்கம்.

நடந்தது என்ன? பள்ளிகளில் அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே குறை சொன்னது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரைக்கும் விவகாரம் போனது. 2019 ஜூன் 30ஆம் தேதியோடு திட்டம் முடிந்தது. மறுநாளிலிருந்து ஃபிராக்குக்குப் பதில் கூகள் கிளாஸ்ரூம். 2020 ஜூனில் டெலிமா வந்தது.

அந்த அனுபவத்திலிருந்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாசலில் நிற்கும் இணையம் தள்ளாடினால் உள்ளே இருக்கும் கிளவுட் கணினி எதற்கும் உதவாது. வகுப்பில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் நுழைந்தால் பக்கம் திறக்காது. ஆசிரியர் ஒரு முறை பார்ப்பார், இரண்டு முறை பார்ப்பார், மூன்றாவது முறை சுண்ணாம்புக் கட்டியை எடுத்துவிடுவார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சபாவில் ஒரு மாணவி இணையத் தேர்வுக்காக மரத்தில் ஏறி இரவைக் கழித்தது நாடு முழுக்கச் செய்தியானது. அதே வாரங்களில் ஜோர்ஜ்டவுனில் கம்பியிணையம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு டெலிமா சுமாராக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆக, முதல் கேள்வி இணையம். இன்றைக்கு ஜோர்ஜ்டவுனில் அது எப்படி?

2010இல் டெலிகோம் மலேசியா யூனிஃபை கண்ணாடியிழையைத் தொடங்கியது. அடுக்குமாடிகளில் டைம் போன்ற நிறுவனங்களும் கம்பி இழுத்திருக்கின்றன. டெலிகோமின் பழைய ஸ்ட்ரீமிக்ஸ் காலத்துச் செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். விளம்பரத்தில் 100, 300, 500 எம்பிபிஎஸ் என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். கிளவுட் கணினிக்கு அந்த எண் அவ்வளவு முக்கியமே இல்லை.

மைக்ரோசாப்ட் சொல்லும் கணக்கின்படி சாதாரண அலுவலக வேலைக்கு, முழு எச்டி திரையில், ஆளுக்கு 3 எம்பிபிஎஸ் போதும். இலேசான வேலைக்கு 1.5. வீடியோ, வரைகலை என்று போனால்தான் 15. வீட்டிலுள்ள மிக மலிவான கம்பியிணையத்திலேயே இது அடங்கிவிடும். கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 3 எம்பிபிஎஸ் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 1.35 ஜிகாபைட். நாளுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்தால் மாதத்துக்கு 160 ஜிகாபைட்டைத் தாண்டும். திரை அசையாமல் இருக்கும் நேரத்தில் குறையும் என்றாலும், முன்பணச் சிம்மில் இது கட்டுப்படியாகாது.

முக்கியமானது தாமதம். விசை அழுத்தி, தகவல் போய், படம் திரும்ப எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்பது. இந்த மாதிரித் தொலைமேசைச் சேவைகளுக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதைத் தாண்டினால் தட்டிய எழுத்து கொஞ்சம் பொறுத்து விழுவது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கால்மணி நேரத்தில் எரிச்சலாகிவிடும்.

கண்ணாடியிழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். மைக்ரோசாப்ட் தன் மலேசியத் தரவு மையத் தொகுதியைக் கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் 2025 மே மாதம் திறந்தது. அமேசான் அதற்கு முந்தைய ஆண்டே மலேசியாவுக்கு வந்துவிட்டது. பினாங்கிலிருந்து அங்கே போய்த் திரும்ப ஒளிக்கு நான்கைந்து மில்லிசெகண்டு போதும். சிங்கப்பூர் என்றாலும் பத்துக்குள். வழியில் உள்ள சாதனங்கள் கொஞ்சம் கூட்டும். எப்படிப் பார்த்தாலும் 150க்கு வெகு தூரம் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் ஜியோபிசியைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார் என்று அதை இங்கே கொண்டுவர முடியுமா என யோசிப்பவர்களுக்காக ஒரு கிளைக்கதை. சென்னையையும் பினாங்கையும் கடலடிக் கம்பி முதன்முதலில் இணைத்தது 1870இல், தந்திக்காக. இன்றும் வங்காள விரிகுடா வழியாக ஒரு கண்ணாடியிழை மும்பையையும் இலங்கையின் ரத்மலானையையும் சென்னையையும் தொட்டுக்கொண்டு பினாங்கில் கரையேறுகிறது. மும்பையில் ஒரு கணினி ஓடினால், ஒளி போய்வர மட்டுமே 35 மில்லிசெகண்டைத் தாண்டும். தாங்கக்கூடியதுதான். ஆனால் கடலடிக் கம்பி அறுந்தால் கதை மாறும். 2025 செப்டம்பரில் செங்கடலில் கம்பிகள் அறுந்தபோது, மத்திய கிழக்கு வழியாகப் போகும் போக்குவரத்தில் தாமதம் கூடும் என்று மைக்ரோசாப்டே அறிவிக்க வேண்டியிருந்தது. கணினி பக்கத்து ஊரில் இருப்பதற்கும் கடல் தாண்டி இருப்பதற்கும் அந்த மாதிரி நாளில்தான் வித்தியாசம் தெரியும். ஜியோபிசி ஜியோவின் வீட்டு இணையத்தோடு சேர்ந்து விற்கப்படும் சேவை. அந்தப் பெட்டியை இங்கே தூக்கிவந்து பயனில்லை.

சரி, கோலாலம்பூர் வரை ஐந்து மில்லிசெகண்டு என்றால் பிரச்சினை எங்கே? வீட்டுக்குள்.

லெபோ குயின், லெபோ பாசார் பக்கத்துப் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். அஞ்சடியிலிருந்து உள்ளே நுழைந்தால் முன்கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் சமையல்கட்டு என்று வீடு குறுகலாகவும் நீளமாகவும் ஓடும். சுவர்கள் பழைய காலத்துச் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, நல்ல கனம். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வட்டாரம் என்பதால் கண்டபடி துளை போட்டுக் கம்பி இழுக்கவும் தயக்கம். மோடம் முன்கூடத்தில் இருக்கும். படிக்கும் பிள்ளை மாடியின் பின்னறையில் இருக்கும். அங்கே வைஃபை வரும், போகும், மறுபடி வரும். வாட்சாப் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. யூடியூப் முன்கூட்டியே கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்வதால் அதுவும் சமாளித்துவிடும். கிளவுட் கணினி எதையும் முன்கூட்டிச் சேமிக்க முடியாது. நீங்கள் அடுத்து எந்த விசையை அழுத்துவீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? அரை நொடி வைஃபை தொங்கினால் கணினியே தொங்கும்.

இதைச் சோதிக்க ஒரு சென் செலவில்லை. விண்டோஸில் தேடல் பெட்டியில் "சிஎம்டி" என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் "பிங்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று எழுதி, மறுபடி ஓர் இடைவெளி, கழித்தல் குறி, ஆங்கில "டி" போட்டு என்டரை அழுத்துங்கள். வரிவரியாக எண்கள் ஓடும். பிள்ளை உட்காரும் அதே இடத்தில், இரவு ஒன்பது மணிக்கு, வீட்டில் எல்லாரும் நாடகமும் பந்தாட்டமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். எண்கள் 10, 12, 11 என்று ஒரே சீராக வந்தால் பயப்பட வேண்டாம். 12, 14, 380, 13, "நேரம் கடந்தது", 15 என்று வந்தால், அந்த இடத்தில் தரவு மையத்தில் ஓடும் வாடகைக் கணினி உங்கள் பொறுமையைச் சோதிக்கும். இணைய வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. மோடத்திலிருந்து ஒரு லேன் கம்பி இழுப்பதோ, நடுவில் ஒரு மெஷ் சாதனம் வைப்பதோ உதவும்.

இடியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பினாங்கில் மாலை மழையோடு வரும் மின்னலுக்கு மோடங்கள் பலியாவது சாதாரணம். மோடம் எரிந்து, புகார் கொடுத்து, ஆள் வந்து மாற்றும்வரை வாடகைக் கணினி என்பது வெறும் கறுப்புத் திரைதான். குரோம்புக் அப்படியல்ல. ஆவணங்களை இணையமில்லாமலும் திறக்கும்படி முன்னதாக அமைத்து வைத்திருந்தால், எழுதிக்கொண்டே இருக்கலாம். இணையம் திரும்பியதும் அது தானாகச் சேர்த்துக்கொள்ளும். "நெட் இல்லாட்டி குரோம்புக் வேலை செய்யாது" என்பது பாதி உண்மைதான்.

இனிக் காசுக்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரை வீட்டுக்காரரின் முடிவை மாற்றுவது இதுதான்.

விண்டோஸ் 365ஐத் தனிமனிதர் தன் சாதாரண அவுட்லுக் கணக்கைக் கொண்டு வாங்க முடியாது. நிறுவனக் கணக்கு வேண்டும். சுற்றிவளைத்து ஒரு சிறு நிறுவனக் கணக்கு திறந்து வாங்கினாலும், சிறிய அளவுக் கணினிக்கே பட்டியல் விலை மாதம் 30 அமெரிக்க டாலரை ஒட்டி. நம் கணக்கில் 100 ரிங்கிட்டைத் தாண்டும். ஒன்றரை ஆண்டு வாடகையில் சாதாரணப் புது மடிக்கணினி ஒன்று கைக்கு வந்துவிடும். அது ஐந்தாறு ஆண்டு உழைக்கும். வாடகையோ அதற்குப் பிறகும் ஓடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. வாடகைக் கணினியைப் பார்க்கவும் உங்கள் வீட்டில் ஒரு திரை, விசைப்பலகை, ஏதோ ஒரு பெட்டி வேண்டும். மைக்ரோசாப்ட் இதற்கென்றே 2025இல் 349 டாலர் விலையில் ஒரு குட்டிப் பெட்டி விற்கத் தொடங்கியது. தனக்கென்று எதுவும் சேமிக்காத பெட்டி. அலுவலகத்துக்கு அது அருமையான பொருள். திருடு போனாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு அந்த விலையில் அசல் மடிக்கணினியே கிடைக்கிறதே.

ஜியோபிசி மலிவு. வரி நீங்கலாக மாதம் 599 ரூபாய் என்று தொடங்கியது, 8 ஜிபி நினைவகம், 100 ஜிபி இடம். விண்டோஸ் இல்லை, லினக்ஸ். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆஃபிஸ். அறிமுகமான சமயத்தில் வெப்கேமராவும் அச்சுப்பொறியும் அதில் ஓடவில்லை என்ற செய்தியைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. வீட்டில் கணினி வேண்டும் என்று கேட்பதே பெரும்பாலும் ஜூம் வகுப்புக்கும், ஏதாவது ஒரு பாரத்தை அச்செடுக்கவும்தானே.

முழுக் கணினியையும் வாடகைக்கு எடுப்பது வீட்டுக்கு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒரே விதிவிலக்கு: மகனோ மகளோ இரண்டு மாதத் திட்டப்பணிக்கு மட்டும் பலமான கணினி கேட்டால், எட்டாயிரம் ரிங்கிட்டுக்கு வாங்குவதைவிட மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். அதுவும் வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்து வைக்கும் ஒழுக்கம் உள்ள பிள்ளையாக இருந்தால்.

முதல் வகைக்குத் திரும்பலாம். அங்கேதான் நமக்கு உண்மையான லாபம் இருக்கிறது.

கூகள் 2022இல் குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் என்று ஒன்றை இலவசமாக வெளியிட்டது. விண்டோஸ் 11 ஏறாத அந்தப் பழைய மடிக்கணினியிலேயே ஏற்றலாம். 4 ஜிபி நினைவகம், 16 ஜிபி இடம் இருந்தால் போதும். 2010க்குப் பிந்திய இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி என்றால் நல்லது. 8 ஜிபி பெண்டிரைவ் ஒன்றை எடுத்து, குரோம் உலாவியில் கிடைக்கும் மீட்புக் கருவியைக் கொண்டு அதில் ஃபிளெக்சை எழுதி, பழைய கணினியில் செருகி இயக்கினால், "நிறுவு" என்றும் "முதலில் சோதித்துப் பார்" என்றும் இரண்டு வழி காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமலே பெண்டிரைவிலிருந்து ஓடும், கொஞ்சம் மெதுவாக. அந்த நிலையிலேயே வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விரல்ரேகைக்கும் சிடி தட்டுக்கும் ஆதரவு கிடையாது. வீட்டின் பழைய யுஎஸ்பி அச்சுப்பொறியும் கைவிடலாம். வைஃபையில் சேரும் புதியவை பெரும்பாலும் தகராறு செய்வதில்லை.

இதில் என்ன செய்யலாம்? மேபேங்க், வருமான வரித் தாக்கல், இ.பி.எஃப். கணக்கு, ஷோப்பி, யூடியூப், டெலிமா எல்லாம் உலாவியில்தானே ஓடுகின்றன. ஓய்வுபெற்ற அப்பாவுக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதாக நான் பார்க்கவில்லை. வைரஸ் பயமும் வெகுவாகக் குறைகிறது. விண்டோஸுக்கான நிரல் எதுவும் இதில் ஏறாது என்பதே ஒரு காவல்.

அந்தக் காவல்தான் சிலருக்குக் குறை. லிட்டல் இந்தியாவில் மளிகையோ துணிக்கடையோ வைத்திருப்பவர் இரவு வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கிறார் என்றால், அவர் பயன்படுத்துவது பெரும்பாலும் ஆட்டோகவுண்ட், எஸ்.க்யூ.எல். அக்கவுண்டிங் போன்ற விண்டோஸ் மென்பொருள். அந்த வீட்டின் ஒரே கணினியில் ஃபிளெக்சைப் போட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு செயலிகளும் ஃபிளெக்சில் ஏறாது. கடையில் வாங்கும் பல குரோம்புக்குகளில் ஏறும்.

தமிழ் தட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். குரோம் ஓ.எஸ்.ஸிலேயே தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைமுறைகள் இருக்கின்றன. அமைப்பில் தமிழ் உள்ளீட்டைச் சேர்த்தால் போதும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் விரல் பழகியவர்களுக்கு நெருடும். அது விண்டோஸிலும் மேக்கிலும் நிறுவ வேண்டிய மென்பொருள், ஃபிளெக்சில் இடமில்லை. உள்ளே இருக்கும் ஒலிபெயர்ப்பு முறையின் பழக்கவழக்கம் கொஞ்சம் வேறு. ஆலயக் குழுவின் அழைப்பிதழையும் சங்க ஆண்டறிக்கையையும் தட்டும் செயலாளர்கள் முடிவெடுப்பதற்கு முன் "சோதித்துப் பார்" நிலையிலேயே ஒரு பக்கம் தமிழ் தட்டிப் பார்ப்பது நல்லது. யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகள் இருந்தால், அவற்றை விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

புதுக் குரோம்புக் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த மாதிரிக்குத் தானியங்கிப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்பது. தொடக்க காலத்தில் கூகள் ஐந்து ஆண்டுதான் கொடுத்தது. 2021 முதல் வந்த மாதிரிகளுக்குப் பத்து ஆண்டு என்று 2023இல் அறிவித்தது. அந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஓடாது, அந்த மாதிரி வெளிவந்த நாளிலிருந்து ஓடும். மலிவாகக் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் குரோம்புக்கில் மூன்று மாதமே மிச்சமிருக்கலாம்.

கடைசியில் பேச வேண்டியது கணக்கைப் பற்றி. கணினி பழுதானால் கடைக்காரர் இருக்கிறார். கணக்கு பூட்டிக்கொண்டால் தட்டுவதற்குக் கதவே கிடையாது. குடும்பத்தின் பத்தாண்டுப் படங்களும் பத்திரங்களின் நகலும் ஒரே ஜிமெயில் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை மீட்க வேண்டிய குறுஞ்செய்தி அம்மாவின் பழைய முன்பணச் சிம்முக்குப் போகும். அந்தச் சிம்மோ காசு ஏற்றாமல் விட்டதில் காலாவதியாகி, எண் வேறு யாருக்கோ போயிருக்கும். கிளவுட் பற்றிப் பேசுகிறவர்கள் தரவு மையத்தின் பாதுகாப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள், இந்தச் சிம்மைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டாவது எண் ஒன்றையும், அச்செடுத்த மீட்புக் குறியீடுகளையும், வீட்டில் பூட்டி வைத்த ஒரு வெளி வன்தட்டில் படங்களின் நகலையும் வைத்துக்கொள்ளாமல் குரோம் பக்கம் போகக்கூடாது. கூகளின் இலவச இடம் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5. இரண்டு ஆண்டு தொடாத கூகள் கணக்கை அழிக்கவும் செய்வார்கள். 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடப்பில் இருக்கிறது. இறந்துபோன தாத்தாவின் கணக்கில் இருக்கும் படங்களை எடுக்க நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்தாம் படிவப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இது இன்னும் அவசரம். டெலிமா கணக்கு அமைச்சின் சொத்து, பிள்ளையின் சொத்தல்ல. பல ஆண்டுப் படிப்பின் குறிப்புகள், படைப்புகள், சான்றிதழ் நகல்கள் அதில் குவிந்திருக்கும். பள்ளியை விட்ட பிறகு அந்தக் கணக்கை நம்பியிருக்க முடியாது. அமைச்சின் நிருவாகி அனுமதித்திருந்தால், கூகளின் டேக்அவுட் பக்கத்தில் உள்ள மாற்றும் வசதி டிரைவிலும் மின்னஞ்சலிலும் உள்ளதைப் பிள்ளையின் சொந்தக் கூகள் கணக்குக்கு நகலெடுத்துக் கொடுக்கும். அனுமதி இல்லையென்றால் டிரைவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு கோப்புறையாகப் பதிவிறக்கம் செய்ய வேண்டியதுதான். எஸ்.பி.எம். முடிந்து பிள்ளை ஊர்சுற்றக் கிளம்புவதற்கு முன் ஒரு மாலை உட்கார வைத்துச் செய்ய வைத்துவிடுங்கள்.